மோப்பம் மிருகத்துக்கு, நோக்கம் மனிதனுக்கு

கேள்வி இதுதான்: ஒரு சின்ன ஊரில் கொலை விழுகிறது, பூனையும் நாயும் ஆடும் தங்களுக்குள் பேசிப் பேசியே துப்புத் துலக்குகின்றன. இந்த மாதிரி நாவல்களை வளர்ந்தவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், அதில் அப்படி என்னதான் இருக்கிறது, படிப்பதென்றால் எதில் ஆரம்பிக்கலாம்? கேட்டவர் கூடவே, பஞ்சதந்திரத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டாச்சு என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பஞ்சதந்திரத்து நரி மனிதனுக்குப் புத்தி சொல்ல வந்த நரி. நரித்தோல் போர்த்திய மந்திரி என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த நாவல்களில் வரும் பூனைக்கு உங்களுக்குப் புத்தி சொல்லும் உத்தேசமே கிடையாது, அதன் கவலையெல்லாம் சாப்பாட்டுத் தட்டும் வெயில் விழும் ஜன்னலும்தான். அது பேசுகிறது என்பதைப் பத்துப் பக்கத்துக்குள் மறந்துவிடுவோம். அது பேசுவது மனிதர்களுக்குக் கேட்பதில்லை என்பது மட்டும் கடைசிப் பக்கம் வரை நம்மைப் படுத்திக்கொண்டே இருக்கும். கதை ஓடுவதே அந்த எரிபொருளில்தான்.

கொஞ்சம் விளக்குகிறேன். எந்தத் துப்பறியும் கதைக்கும் இரண்டு சரக்கு வேண்டும்: தடயம், நோக்கம். யார் அங்கே வந்தார், எதைத் தொட்டார், எந்த வழியாகப் போனார் என்பது ஒரு பாதி. ஏன் கொன்றார் என்பது மறுபாதி. சாதாரணக் கதைகளில் துப்பறிகிறவரின் ஒரே தலைக்குள் இரண்டும் வந்து சேரும். இங்கே முதல் பாதி முழுக்க மிருகங்களிடம் இருக்கிறது. நாய்க்கு வாசனை தெரியும், பூனைக்கு இருட்டில் கண் தெரியும், யாரும் இரண்டு பேரையும் கண்டுகொள்வதில்லை. வாயில்லா ஜீவன் என்று அவற்றின் எதிரிலேயே எல்லா ரகசியத்தையும் பேசிவிடுகிறார்கள். ஆனால் உயில், அடமானம், பழைய காதல், பங்குச்சந்தை இதெல்லாம் அவற்றுக்குச் சுத்தமாகப் புரியாது. மனிதர்களுக்கோ அதெல்லாம் கரைத்துக் குடித்த சங்கதி, மூக்குதான் வேலை செய்யாது. ஆக, விடை இரண்டாகப் பிளந்து இரண்டு இனங்களிடம் கிடக்கிறது, நடுவில் பேச வழியில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க முடிந்த ஒரே ஆள் படிக்கிற நீங்கள். அதனால்தான் இந்த வகை, அதைத் தெரிந்து எழுதுகிறவர் கையில் கிடைத்தால், கெட்டிக்காரத்தனமான வகை. அதைத் தெரியாமல், பூனை படம் போட்டால் விற்கும் என்று எழுதினால், சகிக்காது.

முதலில் பேச வேண்டியது ரீட்டா மே பிரௌன் எழுதும் மிஸஸ் மர்ஃபி வரிசை. முதல் நாவல் 'விஷ் யூ வேர் ஹியர்', 1990. அட்டையில் ஆசிரியர் பெயரோடு ஸ்னீக்கி பை பிரௌன் என்று இன்னொரு பெயரும் இருக்கும், அது அவர் வளர்த்த பூனை. இணை ஆசிரியராம். இது விளம்பரத் தந்திரம்தான், ஆனால் முன்னுரையெல்லாம் பூனையே எழுதுகிற மிடுக்கில் வரும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

ஊர் நிஜமான ஊர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில்லுக்கு மேற்கே, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் குரோஸே என்று ஒன்று இருக்கிறது. நெப்போலியன் படையில் இருந்துவிட்டு அமெரிக்காவுக்குப் போன கிளாடியஸ் குரோஸே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயர் அது. 1850களில் அந்த மலையைக் குடைந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் போட்டவர். அந்தச் சுரங்கமும் முதல் நாவலில் தலைகாட்டும், எதற்கு என்று சொல்லமாட்டேன்.

கதாநாயகி மேரி மைனர் ஹாரிஸ்டீன், ஊருக்கு ஹாரி. அந்த ஊர்த் தபால் நிலையத்தின் அதிகாரி. கணவர் கால்நடை மருத்துவர், முதல் நாவலில் விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. ஹாரியோடு தினமும் வேலைக்கு வருவது மிஸஸ் மர்ஃபி என்ற வரிப்பூனையும் டீ டக்கர் என்ற கோர்கி நாயும். குட்டைக்கால், பெரிய காது, நாட்டுப்புறத்தில் மாடு மேய்க்க வளர்த்த சாதி நாய் அது. பக்கத்து மளிகைக் கடையில் பியூட்டர் என்று ஒரு குண்டுப் பூனை, அதற்குக் கறித்துண்டுதான் உலகம். பிறகு அதுவும் ஹாரி வீட்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

எதற்குத் தபால் நிலையம்? யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அங்கே இருக்கும் தன் தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்க வந்தே ஆகவேண்டும். வந்தால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். யாருக்குக் கடன் நோட்டீஸ் வருகிறது, யாருக்கு வெளியூர்க் கடிதம் வருகிறது என்பது கவரைப் பார்த்தாலே தெரியும். தபால் தள்ளுவண்டிக்குள் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கு இதைவிட நல்ல ஒட்டுக்கேட்கும் இடம் உலகத்தில் கிடையாது. ஹாரிக்கு இன்னொரு கெட்ட பழக்கம், வருகிற போஸ்ட்கார்டுகளைப் படித்துவிடுவாள். முதல் நாவலின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. ஒரு பக்கம் கல்லறைப் படம், மறுபக்கம் 'நீயும் இங்கே இருந்திருக்கலாம்' என்ற பொருளில் சுற்றுலா போனவர்கள் வழக்கமாக எழுதும் அந்த ஒற்றை வரி. கையெழுத்து கிடையாது. அந்தக் கார்டு வந்த கான்கிரீட் தொழிற்சாலை முதலாளி தன் சொந்தக் கலவை இயந்திரத்திலேயே பிணமாகக் கிடக்கிறார். அடுத்த கார்டு இன்னொருவருக்கு.

ஹாரிக்குக் கார்டுகள் தெரியும். நாய்க்கும் பூனைக்கும் கொலை நடந்த இடங்களின் வாசனை தெரியும், ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கவும் தெரியும். ஹாரியின் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துகின்றன. அவளோ பசிக்கிறது போலிருக்கிறது என்று தட்டில் சாப்பாட்டைக் கொட்டுகிறாள். சாப்பாட்டைப் பார்த்ததும் அவையும் தின்றுவிடுகின்றன! இந்த நேர்மைதான் எனக்குப் பிடிக்கும். கொலைகாரனைப் பற்றிய அவசரச் செய்தியை வைத்துக்கொண்டும் தட்டு நிறைந்ததும் தலையைக் குனிகிற பூனையை, பூனையோடு வாழ்ந்தவர்தான் எழுத முடியும்.

நகரத்தில் வைத்தால் ஏன் எடுபடாது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். அடுக்குமாடி வீட்டு நாய் கயிற்றில் கட்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெளியே வரும், அதற்கு என்ன தெரியும்? குரோஸே மாதிரி இடத்தில் நாய் வண்டியில் ஏறி வேலைக்கு வருகிறது, பூனை வேலி தாண்டி அடுத்த பண்ணைக்குப் போய்வருகிறது, குதிரை லாயத்து மாடத்தில் ஒரு ஆந்தை, வைக்கோல் பரணில் சைமன் என்று ஒரு ஓப்போசம் (கீரி அளவில், எலி மூஞ்சியோடு இருக்கும் ராப்பிராணி). ராத்திரி யார் கார் வந்தது என்று ஆந்தையிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஊர் மனிதர்களுக்கு ஒரு வம்பு வலை இருப்பது போலவே அதற்கு அடியில் இன்னொரு வலை ஓடுகிறது. நல்ல கிராமத்துக் கதைக்கு ஏற்கெனவே வம்பு வேண்டும், இதில் இரட்டிப்பு வம்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. சின்ன ஊரில் கொலையாளி என்றால் நேற்று உங்களோடு சர்ச்சில் உட்கார்ந்திருந்தவர். மனிதர்களுக்கு அதை நம்ப மனம் வராது, இத்தனை வருடப் பழக்கம் கண்ணை மறைக்கும். நாய்க்கு அந்தத் தடை கிடையாது. நல்லவர், பெரிய குடும்பம், சர்ச்சுக்கு நன்கொடை கொடுத்தவர் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பயந்த மனிதனின் வியர்வை எப்படி இருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். ஊர் மரியாதை பார்க்காத சாட்சி.

வரிசையின் மூன்றாவது நாவல் 'மர்டர் அட் மான்டிசெல்லோ', 1994. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோ இதே பகுதியில்தான் இருக்கிறது. அங்கே அகழாய்வில், அடிமைகள் வாழ்ந்த குடிசை ஒன்றின் அடுப்பங்கரைக்கு அடியில் எலும்புக்கூடு கிடைக்கிறது. பழங்காலக் கொலையைக் கிளறப்போய் இன்று ஒரு கொலை. பரம்பரைப் பெருமை பேசும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், அந்தப் பெருமைக்கு அடியில் புதைத்தவை, இதையெல்லாம் மிருகங்கள் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன, வம்சாவளி என்றால் கோர்கிக்குத்தானே இருக்கவேண்டும் என்கிற தோரணையில். என் கணக்கில் இந்த வரிசையின் உச்சம் இதுதான்.

அப்புறம் சரிவு. ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் புதுத் தபால் நிலையம், புது விதிகள், மிருகங்களைக் கூட்டிவரக் கூடாது என்று வருகிறது, ஹாரி வேலையை விட்டுவிடுகிறாள். கதாபாத்திரத்துக்கு அது நியாயமான கோபம். வரிசைக்கோ பெரிய அடி. ஊரே தானாக வந்து நிற்கிற அந்த ஓர் அறை போனபின், ஒவ்வொரு நாவலிலும் ஆட்களை ஓரிடத்தில் சேர்க்க விருந்து, விழா, திராட்சைத் தோட்டம் என்று எதையாவது இழுத்துவர வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு ஆசிரியரின் சொந்த அரசியல் கருத்துகளைப் பாத்திரங்கள் மாறிமாறிப் பேசுகின்றன, பூனைகூடப் பேசுகிறது. பூனை அரசாங்கத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தால் அங்கே பஞ்சதந்திரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏழெட்டு நாவலோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

அதே ஆசிரியருக்கு இன்னொரு வரிசை இருக்கிறது, 2000இல் வந்த 'அவுட்ஃபாக்ஸ்ட்' அதில் முதல். எழுபது வயதைத் தாண்டிய சிஸ்டர் ஜேன் என்ற அம்மாள் நரி வேட்டைக் குழுவின் தலைவி. அங்கே நரிகளைத் துரத்துவதுதான் விளையாட்டு, கொல்வது நோக்கமில்லை. அதனால் நரியும் நாயும் பரம எதிரிகளாக இல்லாமல், தினம் மோதும் இரண்டு அணி ஆட்டக்காரர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்கின்றன. பிரௌன் நிஜ வாழ்க்கையிலும் அப்படி ஒரு குழுவை நடத்தியவர், அதனால் காற்று எந்தப் பக்கம், பனி உருகினால் மோப்பம் எப்படி மாறும், நாய்க்கூட்டத்தில் எது முன்னால் ஓடும் என்பதெல்லாம் கனகச்சிதமாக வரும். குதிரை பற்றி ஆர்வமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் நீளம்.

ஆனால் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்றால் நான் கையில் தருவது வேறு. லியோனி ஸ்வான் ஜெர்மனில் எழுதி 2005இல் வந்த 'க்ளென்கில்', ஆங்கிலத்தில் 'த்ரீ பேக்ஸ் ஃபுல்'. அயர்லாந்தின் கடலோரக் கற்பனைக் கிராமம். மேய்ப்பர் ஜார்ஜ் க்ளென் ஒரு காலையில் புல்வெளியில் செத்துக் கிடக்கிறார், உடம்பில் மண்வெட்டி பாய்ந்திருக்கிறது. யார் கொன்றது என்று கண்டுபிடிக்க முடிவெடுப்பது அவருடைய மந்தை. மந்தையிலேயே புத்திசாலி மிஸ் மேப்பிள், சதா தின்றுகொண்டே எதையும் மறக்காத மாப்பிள் என்ற கிடா, எங்கிருந்தோ வந்த கறுப்புக் கிடா ஒத்தெல்லோ, மலை விளிம்பில் நின்று மேயும் ஸோரா, காது மங்கிப்போன பழைய தலைவன் ஸர் ரிச்ஃபீல்ட்.

இந்த ஆடுகளுக்கு மனித உலகம் பற்றி எப்படித் தெரியும்? ஜார்ஜ் சாயங்காலத்தில் அவற்றுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவார். காதல் நாவல்கள், ஆட்டு நோய்கள் பற்றி ஒரு புத்தகம், ஒரு துப்பறியும் கதை. அந்தத் துப்பறியும் கதையை அவர் முடிக்கவில்லை, பாதியிலேயே விட்டுவிட்டார். ஆக, கொலையைத் துப்பறியப் புறப்பட்ட மந்தைக்கு, துப்பறிவது எப்படி முடியவேண்டும் என்றே தெரியாது! இதைப் படித்தபோது, அடடா, இதற்காகவே இந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது.

மேப்பிள் ஆரம்பத்திலேயே கேட்கும் கேள்விகள் எல்லாம் ஆட்டுக் கேள்விகள். மண்வெட்டியால் செத்தாரா, அதற்கு முன்பே செத்தாரா? ஜார்ஜைக் கொன்றுவிட்டு அவருடைய புல்லை ஏன் யாரும் தின்னவில்லை? பாதிரியாரைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டு அவர்தான் கடவுள் என்று முடிவுகட்டி, கடைசி வரை அவரைக் கடவுள் என்றே அழைக்கின்றன. கடவுளுக்கு வியர்க்கிறது, கடவுள் பொய் சொல்கிறார் என்று ஆடு சாதாரணமாகக் குறிப்பிட்டுவிட்டுப் புல்லைக் கடிக்கும். நமக்கு மட்டும் தூக்கிவாரிப்போடும்.

நான் மேலே சொன்ன பிளவு இங்கேதான் முழு வடிவத்தில் இருக்கிறது. ஆடுகள் பார்த்ததையெல்லாம் பார்க்கின்றன, அர்த்தம் மட்டும் பிடிபடுவதில்லை. நாம் அவற்றின் தவறான அர்த்தத்தை உரித்து உள்ளே இருக்கும் சரியானதை எடுத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் தெரிந்ததை மனிதர்களுக்குச் சொல்லியாக வேண்டும், எப்படிச் சொல்வது? ஊர் மதுக்கடையில் புத்திசாலி ஆடு எது என்று ஒரு போட்டி நடக்கிறது, மந்தை அதற்குப் புறப்படுகிறது. அங்கே என்ன ஆகிறது என்பதைப் புத்தகத்திலேயே பாருங்கள். சிரிப்போடு சேர்ந்து தொண்டையும் அடைக்கும்.

இந்தத் தடுப்புச் சுவரை உடைத்து எழுதினவர்களும் உண்டு. ஷெர்லி ரூஸோ மர்ஃபியின் ஜோ க்ரே வரிசை (முதல் நாவல் 'கேட் ஆன் தி எட்ஜ்', 1996) கலிஃபோர்னியாக் கடலோரத்துச் சின்ன ஊரில் நடக்கிறது. கொலையை நேரில் பார்த்த ஜோ க்ரே என்ற பூனைக்குத் திடீரென்று மனிதப் பேச்சு வந்துவிடுகிறது. என்ன செய்யும்? போலீசுக்கு போன் போட்டு, பெயர் சொல்லாமல் துப்பு கொடுக்கும். போலீஸ் அதிகாரி இந்தக் குரல் யாருடையது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இரண்டு மூன்று நாவலுக்குத் தாங்கவும் தாங்குகிறது. ஆனாலும் போன் வந்த நிமிஷமே பாதி இறுக்கம் போய்விட்டது என்பது என் எண்ணம். சொல்ல முடிந்துவிட்டால் அது வெறும் சின்ன சைஸ் துப்பறிவாளன்.

எதிர்த்திசையில் லிலியன் ஜாக்ஸன் பிரௌன். இவருடைய கோகோ என்ற சயாமியப் பூனை ஒரு வார்த்தை பேசாது. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தட்டிவிடும், தலைப்பில் துப்பு இருக்கும், அல்லது இருப்பதாக அதன் எஜமானர் நினைத்துக்கொள்வார். முதல் மூன்று நாவல்கள் 1966 முதல் 1968 வரை வந்து நின்றுபோய், 1986இல்தான் நாலாவது. அப்புறம் கதை நகரத்தை விட்டு 'எங்கிருந்து பார்த்தாலும் நானூறு மைல் வடக்கே' இருக்கும் மூஸ் கவுன்ட்டிக்குக் குடிபோனது. அதன் பிறகே வாசகர்கள் கூட்டமாக வந்தார்கள். பேசும் மிருகம் கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றுகிறவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம்.

குழந்தைகளோடு சேர்ந்து படிக்க வேண்டுமானால் வால்டர் ஆர். புரூக்ஸின் 'ஃப்ரெடி தி டிடெக்டிவ்', 1932. நியூயார்க் மாநிலத்து வட பகுதியில் பீன் குடும்பத்தின் பண்ணை, ஷெர்லாக் ஹோம்ஸ் கதை படித்துக் கிறுக்குப் பிடித்த பன்றி. காக்கையைக் கொன்றதாக ஜிங்ஸ் என்ற பூனை மேல் எலிகள் பழிபோட, சேவல் நீதிபதியாக உட்கார விசாரணை நடக்கிறது. அதில் வரும் சிறைச்சாலைதான் எனக்குப் பிடித்த பகுதி: உள்ளே போன மிருகங்கள் ஆட்டமும் பாட்டுமாகக் கொண்டாடுவதைப் பார்த்து, வெளியே இருப்பவை எப்படியாவது உள்ளே போகப் பார்க்கின்றன.

சரி, இதற்கெல்லாம் மூலம் எது என்று கேட்டால் நான் 1892ஆம் வருடத்துக்குப் போவேன். ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை 'சில்வர் பிளேஸ்'. குதிரை காணாமல் போன இரவில் குரைக்காத நாய் என்று எல்லாருக்கும் அந்த ஒரு துப்பு தெரியும். அதே கதையில் சில ஆடுகள் காரணம் தெரியாமல் நொண்டும், அதையும் ஹோம்ஸ் விசாரிப்பார், அதுவும் துப்புதான். டார்ட்மூர் பொட்டல்வெளி, ஒரு குதிரை லாயம், ஒரு பிணம், சாட்சிகள் எல்லாம் மிருகங்கள். பேச்சு மட்டும் வரவில்லை. அந்த நாய் என்ன நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் மிஸஸ் மர்ஃபிக்கு வந்துசேர வெகுநேரம் ஆகாது.

வரிசையாகச் சொல்லச் சொன்னால்: முதலில் 'த்ரீ பேக்ஸ் ஃபுல்', பிடித்தால் மிஸஸ் மர்ஃபி முதல் மூன்று, அதற்கு மேல் உங்கள் விருப்பம். ஒரே ஒரு எச்சரிக்கை. பூனைத் துப்பறிவாளன் என்று தேடினால் அகிஃப் பிரிஞ்சியின் 'ஃபெலிடே' (1989) கண்ணில் படும். அட்டைப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், கொல்லப்படுவதும் பூனைகள். சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து படிக்கிற புத்தகம் இல்லை அது. வீட்டில் பூனை இருந்தால் தொடவே தொடாதீர்கள்.